குதிரையில்லாத குதிரைப்படைக்குப் போன மகனுக்கு

நேற்று நீ ஜெர்மனியிலிருந்து தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ரிசீவரை வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டதென்று நீ நினைத்திருப்பாய். அறவில்லை, நான்தான் வைத்தேன். பொஸ்னியாவுக்குப் புறப்படும் முன் உங்கள் பிரிட்டிஷ் ரெஜிமெண்டில் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்கிறார்கள் என்றாய். மற்றப் பொடியன்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள், எங்கள் வழக்கம் மட்டும் அதிகாரிக்குத் தெரியவில்லை என்றாய். "அம்மா, எனக்கு ஏதும் நடந்தால் என்ன செய்யவேணும்? ஆர் கொள்ளி வைக்கிறது? ஐயர் வரவேணுமோ? கப்டன் உங்களிட்டை வடிவாக் கேட்டுச் சொல்லச் சொன்னவர்." இடியப்பத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடவேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டாய். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேள்வியை ஒருவேளை தாங்கியிருப்பேன்.

நீ திரும்ப எடுப்பாய். தொலைபேசியில் என்னால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கிற பத்திரிகையில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கோயிலிலும், லண்டனில் நாங்கள் இருக்கிற குட்மேய்ஸ் கடைத்தெருவிலும், இங்கே எங்களைத் தெரிந்த ஒவ்வொருவரும் என்னை நிறுத்தி, "மகன் உண்மையாவே ஆமிக்கோ போனவர்?" என்று கேட்கிறார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் சேர்த்து ஒரே தரம் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீ மூன்றாம் வகுப்புத் தமிழோடு இந்த நாட்டுக்கு வந்தவன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். மெதுவாக வாசி, ஐயா. இதை அவசரமாக வாசிக்க வேண்டாம்.

எல்லாம் ஒரு குதிரையில் தொடங்கியது. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா மேற்கு லண்டனில் ஒரு பெரிய கண்காட்சி மண்டபத்தில் செக்கியூரிட்டி வேலை செய்தார். அங்கே வருஷாவருஷம் படைகள் வந்து அணிவகுத்துக் காட்டும் நிகழ்ச்சிக்கு வேலைக்காரருக்கு இலவச அனுமதி கிடைக்கும். "குதிரை பாக்க வாறியோடா?" என்று உன்னைக் கூப்பிட்டதே அவர்தான். இன்று அதை அவருக்கு நினைவூட்டும் துணிவு எனக்கு இல்லை. விளக்கெல்லாம் அணைந்து, ஸ்கொட்லாந்துப் பைப் வாத்தியம் எங்கோ தூரத்தில் தொடங்கி நெருங்கி வந்தது. பிறகு ஒரு சாம்பல் நிறக் குதிரை நுழைந்தது. யானைக்குட்டி அளவு. இரண்டு பக்கமும் வெள்ளியில் செய்த பேரிகைகள். மேலே இருந்தவர் கடிவாளத்தைக் காலில் கட்டியிருந்தார், கைகள் பேரிகை அடிப்பதற்காக. மற்ற எல்லாரும் கறுப்புக் கரடித்தோல் தொப்பி போட்டிருக்க அவர் தலையில் மட்டும் வெள்ளைத் தொப்பி. நீ என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ஏன் அவருக்கு மட்டும் வெள்ளை?" என்று கேட்டாய்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ கேள்விகளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் வரலாறு படித்தவள், இந்த நாட்டில் அந்தப் படிப்பை யாரும் கேட்டதில்லை. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைதான் எனக்குக் கிடைத்தது. ஒரு கேள்வி, அதுவும் வரலாற்றுக் கேள்வி, என் சொந்தப் பிள்ளையிடமிருந்து வந்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. அந்தக் குதிரைக்காரரின் ரெஜிமெண்டைப் பற்றிய ஒரு பழைய தடித்த புத்தகத்தை எடுத்துவந்தேன். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிரைமியப் போரோடு முடிந்துவிட்டது. வெள்ளைத் தொப்பியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வேறு எல்லாம் இருந்தது. அப்பா ஷிப்டுக்குப் போன பின்னேரங்களில், நீ சாப்பிட்டுக்கொண்டிருக்க, அந்தப் புத்தகத்தை வாசித்து வாசித்து உனக்குத் தமிழில் சொன்னேன். உனக்குத் தமிழ் மறந்துபோகும் என்ற பயத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து அது. மற்றத் தாய்மார் தேவாரம் சொல்லிக் கொடுத்தார்கள். நான் உனக்கு ஒரு ஸ்கொட்லாந்துக் குதிரைப்படையைத் தமிழில் கொடுத்தேன்.

வாட்டர்லூவில் பிரெஞ்சுப் படையின் கழுகுக் கொடியைப் பறித்த அந்தப் படைச் சார்ஜன், எங்கள் சமையலறையில் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசினான். "விடடா கொடியை, இல்லாட்டி உன்ரை கை இருக்காது" என்று அவன் சொல்லும்போது நீ கரண்டியை வாளாகப் பிடித்து எழும்புவாய். ஒருநாள் அப்பா வேலைக்குப் புறப்பட்டவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டே இதைக் கேட்டுவிட்டு, "உந்தச் சார்ஜன் எந்த ஊராம்? வல்வெட்டித்துறையோ, பருத்தித்துறையோ?" என்றார். நீ கோபமாக, "அவர் ஸ்கொட்லாந்து அப்பா" என்றாய். "கதைக்கிறதைப் பாத்தால் உங்கடை மாமியின்ரை ஊர் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வருஷத்தில் அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது அநேகமாக அந்தக் குதிரைப்படையால்தான்.

அது மாமாவின் கடிதங்கள் நின்றுபோன வருஷம். என் தம்பி, உன் மாமா, ஊரில் ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. யார் யாரோ கையில் கொடுத்துவிட்ட துண்டுக் கடிதங்கள் கொழும்பு வழியாக வந்துகொண்டிருந்தன. பிறகு வரவில்லை. செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. அவன் பெயரை வீட்டுக்குள்ளேகூட உரத்துச் சொல்ல அப்பா பயந்தார். நானும் பயந்தேன். அவன் படத்தை எடுத்து உடுப்புப் பெட்டிக்குள் வைத்தோம். சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வாயில்லாத நான், யாரோ ஊர் பெயர் தெரியாத சார்ஜனைப் பற்றிப் பின்னேரம் முழுக்கப் பேசினேன். உனக்கு அது கதை. எனக்கு, வாயைத் திறக்க ஒரு வழி.

பதினெட்டு வயதில் அதே குதிரைப்படையில் சேரப் போகிறேன் என்று நீ வந்து சொன்னபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கணக்கியல் படிக்கப் போகிறாய் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. "குதிரைப்படையெண்டால் குதிரை ஓடப்போறியோ?" என்று கேட்டார். "இல்லையப்பா. குதிரை இப்ப ஷோவுக்கு மட்டும்தான். டாங்கி" என்றாய். அப்பா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உன்ரை கொம்மா உன்னை நெஞ்சோடை அமத்திக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குள்ளை படுத்துக் கிடந்தவ. எந்தச் சத்தத்துக்குப் பயந்து எண்டு கேட்டுப் பார்."

"அது வேறை ஆமி அப்பா."

"உள்ளுக்கை இருக்கிறவனுக்குத்தான் அது வேறை. வெளியிலை படுத்துக் கிடக்கிறவனுக்கு ஒரே சத்தம்தான்."

நீ என்னைப் பார்த்தாய். நான் உன் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்தாய். இந்த ரெஜிமெண்டை உனக்குத் தந்தவளே நான்தானே. நான் எழும்பிப் போய்ப் பானையைக் கழுவினேன். அன்றிலிருந்து அப்பா உன்னோடு பேசவில்லை. நீ எடுத்தால் ரிசீவரை என்னிடம் நீட்டி, "இந்தாரும், உம்மடை ஆமிக்காரன்" என்பார். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் அந்த அறையை விட்டுப் போவதில்லை.

போன கோடையில் உங்கள் அணி ஒன்று லண்டனில் அணிவகுக்க வந்து ஹவுன்ஸ்லோ முகாமில் தங்கியிருந்தபோது, தாய் தகப்பனைத் தேநீருக்கு அழைத்தீர்கள். அப்பா வரமாட்டேன் என்றார். நான் லண்டனின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தனியாக வந்தேன். முதல் நாள் பயறு வறுத்து, இடித்து, பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு பெரிய பெட்டி நிறையக் கொண்டுவந்தேன். வாசலில் நின்ற பொடியனின் தொப்பியைப் பார்த்தேன். தொப்பியிலிருந்த கழுகுச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துண்டு. உள்ளே போனேன். எல்லாத் தொப்பியிலும் கறுப்பு. ஊரில் கறுப்புத் துணியைக் கண்டால் யார் வீட்டில் என்றுதானே கேட்போம். உங்கள் ரெஜிமெண்டில் ஒரு பிள்ளை செத்துவிட்டான், அதை மறைத்துக்கொண்டு எங்களுக்குத் தேத்தண்ணி தருகிறார்கள் என்று நினைத்தேன். செத்த வீட்டுக்குப் பலகாரம் கொண்டு வந்துவிட்டேனே என்று கூசிப்போய்ப் பெட்டியைக் கதிரைக்குக் கீழே காலால் தள்ளினேன். சிரிக்காமல் இருந்தேன். நீ ஓடிவந்து கட்டிப் பிடித்தபோதும் உன் முதுகைத் தட்டி, "உரத்துக் கதையாதை" என்றேன். நீ விழித்தாய்.

பிறகு உன் கப்டன் வந்து கை நீட்டினார். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம் என்று எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு கணம் தடுமாறினார். என் கண் போன இடத்தைப் பார்த்துத் தன் தொப்பியைத் தொட்டார். சிரிக்கவில்லை, அதற்காக அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். "நன்றி, அம்மையாரே. எங்களிடம் இதற்குத் துக்கம் விசாரித்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். பக்கத்தில் இருந்த ஸ்கொட்லாந்துத் தாய்தான் தேத்தண்ணி சிந்தச் சிரித்தாள். ரஷ்யாவின் கடைசிப் பேரரசர் இந்த ரெஜிமெண்டின் கௌரவத் தளபதியாக இருந்தவராம். அவரையும் குடும்பத்தையும் புரட்சியில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கான துக்கம்தான் அந்தக் கறுப்பு என்றும், பேரிகைக்காரரின் வெள்ளைத் தொப்பிகூட அவர் தந்த பரிசு என்றுதான் சொல்வார்கள் என்றும் கப்டன் விளக்கினார். உன் பழைய கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது. "அம்மா, இனிப் பெட்டியைத் திறவுங்கோ. செத்த ஆள் செத்து எண்பது வருஷமாகப் போகுது" என்றாய். திறந்தேன். உன் நண்பர்கள் ஒரு பணியாரத்தையும் மிச்சம் விடவில்லை.

அந்த ஸ்கொட்லாந்துத் தாய் பிறகு என்னோடு நன்றாகப் பேசினாள். அவளுடைய கணவன், மாமனார், மாமனாரின் தகப்பன் எல்லாரும் அதே ரெஜிமெண்ட். "உங்களுக்குப் பெருமையாக இருக்குமே" என்றாள். அவளுக்கு அந்தப் பெருமையில் உட்கார ஒரு கதிரை இருக்கிறது. அவள் வீட்டில் ஒருவன் திரும்பி வராவிட்டால் எந்தப் பாட்டு வாசிப்பார்கள், பெயரை எந்தச் சுவரில் வெட்டுவார்கள் என்று மூன்று தலைமுறையாக அவர்களுக்குத் தெரியும். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு பொறாமை ஒரு பெண்ணுக்கு வரலாமா என்று யோசித்தேன்.

என்னை பஸ் தரிப்புவரை கொண்டுவந்து விட்டாய். நடந்துகொண்டே, "அம்மா, மாமாவுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்?" என்று கேட்டாய். ஒன்றும் செய்யவில்லை என்றேன். "ஒரு படம்கூட மாட்டேல்லை, என்ன?" என்றாய். "அவன் செத்தவனெண்டு ஆர் சொன்னது?" என்றேன்.  பஸ் தரிப்பில் நின்று, "இவங்கள் ஒருத்தரையும் மறக்கமாட்டாங்கள், அம்மா. அதுதான் எனக்குப் பிடிச்சது" என்றாய். பஸ் வந்துவிட்டது. குட்மேய்ஸ் வரும்வரை நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு அந்நிய அரசனுக்கு முக்கால் நூற்றாண்டாகத் துக்கம் காக்கிற இடத்தைத் தேடி என் பிள்ளை போனதற்கு, துக்கம் காக்கத் தெரியாத ஒரு வீட்டில் அவன் வளர்ந்ததுதான் காரணம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. குதிரையும் தொப்பியும் வெறும் சாட்டு.

இப்போது உனக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும். அந்தக் கழுகைப் பறித்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவிடுவேன். நீ நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்பதற்காக. புத்தகம் அங்கே முடியவில்லை. வென்ற வேகத்தில் அந்தக் குதிரைகள் நிற்கவில்லை. திரும்பச் சொல்லி ஊதியதை யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நிற்கவில்லை. எதிரியின் பீரங்கிகள்வரை ஓடி, சேற்றில் குதிரைகள் களைத்துப்போய் நின்றபோது, ஈட்டிக்காரர்கள் புதுக் குதிரைகளில் வந்தார்கள். போனவர்களில் கொஞ்சப் பேர்தான் திரும்பினார்கள். முதல் அத்தியாயத்தையும் உனக்குச் சொல்லவில்லை. அந்தப் படையை முதலில் கூட்டியது பிரெஞ்சுக்காரனோடு சண்டை பிடிக்க அல்ல. சொந்த நாட்டில், அரசன் சொன்ன முறையில் கும்பிடமாட்டோம் என்று மலைகளில் ஒளித்துக் கூடிய சனத்தைக் கலைக்க. அந்த மலையில் பிள்ளையை நெஞ்சோடு அமத்திக்கொண்டு எத்தனை தாய்மார் படுத்துக் கிடந்தார்களோ. அவர்களுக்கும் அது ஒரே சத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

பொஸ்னியாவுக்கு அமைதி காக்கப் போகிறோம் என்கிறாய். ஐயா, எங்களிடமும் அமைதி காக்க இந்தியாவிலிருந்து ஒரு படை வந்தது. மாலை போட்டு வரவேற்றோம் என்று மாமா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் இரண்டோ மூன்றோதான். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ நல்ல பிள்ளை, அங்கே யாருக்கும் தீங்கு செய்யப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் டாங்கி ஒரு தெருவுக்குள் திரும்பும்போது அந்த வீடுகளுக்குள் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. கதவிடுக்கில் ஒரு பெண் பார்த்துக்கொண்டு நின்றால் அவளை நேரே உற்றுப் பார்க்காதே. வேகத்தைக் குறைக்கச் சொல். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிற அறிவுரை. இன்னொன்றும் இருக்கிறது. இப்போது உங்கள் ரெஜிமெண்டைப் பற்றி வேறொரு புத்தகம் வாசிக்கிறேன். முதலாம் உலகப் போரில் அந்தப் பேர்பெற்ற சாம்பல் குதிரைகள் தூரத்திலேயே தெரிகின்றன என்று சொல்லி அவற்றுக்குக் கபில நிறச் சாயம் பூசினார்களாம். நூற்றாண்டுப் பெருமையைச் சாயத்தால் மறைக்க அந்தப் படை வெட்கப்படவில்லை. நீயும் வெட்கப்படாதே. ஒளிக்க வேண்டிய இடத்தில் ஒளி. வீரன் என்று யாரும் உன்னைச் சொல்ல வேண்டாம்.

இன்று காலை நீ கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பரைத் தாழ்த்தவில்லை. "என்னை ஏன் கேக்கிறீர்?" என்றார். நான் அங்கேயே நின்றேன். ஒரு பக்கத்தைப் புரட்டி, "நான்தான் வைக்கவேணும். வேறை ஆர் இருக்கினம்?" என்றார். பிறகு எழும்பித் தோட்டத்துக்குப் போனார். அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இது. வடிவாகச் சொல்லச் சொன்னாய், வடிவாகச் சொல்கிறேன். எனக்கு முதலில் அறிவிக்கச் சொல். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். உன்னை நேரே குட்மேய்ஸுக்கு, இந்த வீட்டுக்குக் கொண்டு வரவேண்டும். வேறு எங்கும் வைத்திருக்கக் கூடாது. சீருடையை இங்கே நாங்கள் மாற்றுவோம், வேட்டி இருக்கிறது. ஐயர் வருவார், திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பார்கள், எல்லாரும் வாய்க்கரிசி போடுவார்கள். பைப் வாசிக்க விரும்பினால் வாசலில் நின்று வாசிக்கட்டும், தடுக்கமாட்டேன். இங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தானை அமத்துவது. அதை அப்பா அமத்துவார். சாம்பல் கரைப்பது எந்தக் கடலில் என்று எனக்கு இப்போது தெரியவில்லை, அதை அந்த நேரம் யோசிப்பேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்கு உன் நண்பர்கள் வந்தால் சாப்பாடு இருக்கும்.

எங்கள் வழக்கப்படி பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அதை மட்டும் உன் கப்டனுக்குச் சொல்லாதே. நான் வருவேன்.